மூன்றாவது கோப்பைக்கு முன்

என் சித்தப்பா சுலையமின் மகள் நஸ்ராவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கழுதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். மலையில் ரோஜா பூக்கும் மாதம். ஊர் மன்றத்தில் ஆண்கள் சுவரோரமாக அமர்ந்து கஹ்வாக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் தந்தையின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கதவு படாரென்று திறந்தது. நஸ்ரா மூச்சிரைக்க நின்றாள்.

“மாமா! உங்க கழுதை ரோஜாத் தோட்டத்துல பூந்துடுச்சு! மொட்டையெல்லாம் திங்குது!”

ஆண்கள் முகம் சுளித்தார்கள். கழுதையை நினைத்து அல்ல. ஊர்ப் பெரியவர் துவைனி, நஸ்ராவின் தாய்மாமன், எங்கள் எல்லோருக்குமே மாமா, கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“வெளிய போ. ஸலாம் சொல்லிட்டு உள்ள வா. உட்காரு. கேட்டா சொல்லு.”

எங்கள் மலையூரான ஹைல் சித்ரில் செய்திக்கு என்று ஒரு முறை இருக்கிறது. சந்தித்தவர் “செய்தி என்ன?” என்று கேட்பார். “ஒன்றுமில்லை, எல்லாம் நலம்” என்று சொல்ல வேண்டும். “தகவல்?” என்பார். அதற்கும் ஒன்றுமில்லைதான். பிறகு பேரீச்சம்பழம், பிறகு கஹ்வா. மூன்றாவது கோப்பையைக் குடித்துவிட்டு அதை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்த பின்புதான், வீடு இடிந்திருந்தாலும், பிள்ளை பிறந்திருந்தாலும், அந்தப் பேச்சை எடுக்கலாம். வந்தவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவர் கொண்டுவந்த செய்தியைப் பிடுங்குவது எங்களுக்குப் பிச்சை எடுப்பதைப் போன்றது.

நஸ்ரா வெளியே போனாள். கதவை மெதுவாகத் திறந்து வந்தாள். ஸலாம் சொன்னாள். பாயின் ஓரத்தில் மண்டியிட்டு அமர்ந்தாள்.

“செய்தி என்ன?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்ல மாமா. எல்லாம் நலம்.”

“தகவல்?”

“ஒண்ணுமில்ல மாமா. அல்ஹம்துலில்லாஹ்.”

“ம். இப்ப சொல்லு, கழுதை எங்க?”

“அது மூணாவது கப்புக்கு அப்புறம் மாமா.”

என் தந்தைக்குக் கஹ்வா மூக்கில் ஏறிவிட்டது. ஆண்கள் சிரித்து முடித்துத் தோட்டத்துக்கு ஓடியபோது, கழுதை கடைசிப் பாத்தியில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அந்த ஆண்டு மாமாவின் வீட்டில் பன்னீர்ப் பானை அடுப்பேறவில்லை. மாமா அதை மறந்தாரா என்று பிற்காலத்தில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். மறக்கவில்லை.

நஸ்ராவும் மாறவில்லை. அவளைப் பெண் கேட்டு முஹன்னாவின் வீட்டார் வந்திருந்தபோது, சித்தப்பா முறைப்படி யோசித்துச் சொல்வதாகச் சொல்லத் தொண்டையைச் செருமினார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து “சரின்னு சொல்லுங்கப்பா!” என்று குரல் வந்துவிட்டது. தண்ணீர் லாரி ஓட்டும் முஹன்னா அன்று சிரிக்கத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை.

ஊரின் கிழக்கே நிலம் முடிந்துவிடும். அங்கே நின்றால் காலுக்குக் கீழே மலை செங்குத்தாக அறுபட்டு, அடியில் பள்ளத்தாக்கு ஒரு சாம்பல் கோடாகத் தெரியும். பாறு கழுகுகளின் முதுகை நாங்கள் மேலிருந்து பார்ப்போம். அந்த விளிம்பையொட்டி, பாறைச் சுவரின் இடுப்பில் கட்டிய வார் போல ஒரு பாதை போகிறது. போய், பெரிய பாறைக் கூரையின் கீழே ஆளில்லாமல் நிற்கும் மஸ்வா என்ற குடியிருப்பில் முடிகிறது. நஸ்ராவின் ஆடுகளுக்கு அதுதான் மேய்ச்சல் வழி. பின்னாளில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் அந்தப் பாதையில் நடப்பதற்காகவே வரத் தொடங்கினார்கள். யாரும் கேட்காமலேயே நஸ்ரா அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.

வந்தவர்களுக்கு அவள் ஸலாம் சொன்னதில்லை. முதலில் காலைப் பார்ப்பாள்.

“இந்தச் செருப்பா? திரும்பிப் போ. உன் பொண்டாட்டிகிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

மொழி தெரியாதவர்களுக்கும் இது புரிந்துவிடும். சிலர் கோபித்துக்கொண்டு தனியே போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அவள் பாதையின் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வந்ததும் ஆளுக்கொரு துண்டு ரொட்டியைக் கொடுத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவாள். வழி நெடுகப் பேசிக்கொண்டே வருபவள் ஒரே ஒரு திருப்பத்தில் மட்டும், பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் திறந்துகொள்ளும் இடத்தில், பேச்சை நிறுத்திவிடுவாள் என்று அவளோடு நடந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்த நிலையில்தான் தலைநகரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். விளிம்புப் பாதைக்கு ஊரே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடப்பவர்களை அழைத்துப் போவதும், ஆபத்தான நாளில் பாதையை மூடுவதும் இனி அவர் கையில். மற்ற யாரும் ஆள் கூட்டிப் போகக் கூடாது.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நஸ்ரா முஹன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

“அப்போ வேற யாருக்காவது குடுத்துட்டா, நான் நடக்கக் கூடாதா?”

“ஆட்டோட நடக்கலாம்டி. ஆளோட நடக்கக் கூடாது.”

“ஆட்டுக்கு வழி தெரியும். ஆளுக்குத்தான் தெரியாது.”

போட்டியில் இருவர். மற்றவன் பதர், மாமாவின் இளைய மகன். நல்ல பையன், இதமாகப் பேசுவான். வந்தவர்களுக்குத் தலையணை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பெயரையே கேட்பான். பாதையும் அவனுக்குத் தெரியும். மகன் பக்கம் மாமா சாய்கிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அறிந்தவரை அது சரியல்ல. மாமா அஞ்சியது ஊரின் பெயருக்கு. அவர் நஸ்ராவை அழைத்து நேரிலேயே சொன்னார்.

“உன் காலைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. வாயைப் பத்தித்தான். நாளைக்கு ஊரு உலகத்துலேருந்து ஜனங்க வருவாங்க. ஹைல் சித்ர்ல ஒரு ஸலாம்கூடச் சொல்ல மாட்டாங்கன்னு போய்ச் சொல்லணுமா?”

“மாமா, செருப்பு அறுந்து விழுந்தவனுக்கு ஸலாம் எதுக்கு?”

“பாத்தியா? இதைத்தான் சொல்றேன். வியாழக்கிழமை தலைநகரத்துலேருந்து ஒரு அம்மா பாதையைப் பாக்க வர்றாங்க. போற வழி உன் பொறுப்பு. வர்ற வழி பதரோடது. நானும் வருவேன். ஒரே நிபந்தனை. வழியில யாரைப் பாத்தாலும், மூணாவது கப்பு முடியற வரைக்கும் நீ செய்தியைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா, பாதை பதருக்கு. சத்தியம் பண்ணு.”

நஸ்ரா சத்தியம் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் முஹன்னா, “உன் வாய்க்குப் பூட்டு வாங்கியாரட்டுமா? லாரி டயருக்குப் போடற சங்கிலி இருக்கு, அது போதுமா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. பழகத் தொடங்கிவிட்டாள் என்று அவர் புரிந்துகொண்டார்.

அன்றைய நடையில் நான் இல்லை. போனவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு, ஒத்துப்போனதை அப்படியே எழுதுகிறேன். ஒத்துப்போகாததை அப்படியென்றே சொல்லிவிடுகிறேன்.

தலைநகரிலிருந்து வந்த ஷரீஃபா கடற்கரைப் பக்கத்துப் பெண். உயரமானவர், சிரிக்கும்போது தோள் குலுங்கும். காலில் புதிய நடைக்காலணி; கயிறு தளர்வாகக் கட்டியிருந்தது. நஸ்ராவின் பார்வை நேரே அங்கேதான் போயிற்று. மாமா இருமினார். நஸ்ரா நிமிர்ந்து, ஸலாம் சொல்லி, பயணம் எப்படி, பெற்றோர் நலமா, பிள்ளைகள் நலமா, கடற்கரையில் மழை உண்டா என்று ஒன்றுவிடாமல் விசாரித்துவிட்டு, கஹ்வா கொடுத்து, கோப்பை ஆடிய கணத்தில் குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“இவ்வளவு நேரம் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தீங்களா?” என்றார் ஷரீஃபா.

“உங்களப் பாத்ததுலேருந்து,” என்றாள் நஸ்ரா.

மாமாவின் தாடிக்குள் ஏதோ அசைந்ததாகப் பதர் சொல்கிறான். மாமா மறுக்கிறார்.

காலை வெயில் பாறைச் சுவரில் விழுந்து, பள்ளத்தாக்கு முழுவதும் செம்பு நிறமாகிக் கிடந்தது. பாதை சில இடங்களில் இருவர் தோளுரசிப் போகும் அகலம். சில இடங்களில் ஓர் ஆட்டின் அகலம். இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் காற்று. வேர் மட்டும் பாறையில் இருக்க, உடல் முழுவதும் வெளியே தொங்கும் ஒலிவ மரங்கள். நஸ்ரா முன்னால் நடந்தாள். எந்தக் கல் ஆடும், எங்கே இடக்கையைப் பாறையில் வைக்க வேண்டும், எங்கே கீழே பார்க்கலாம், எங்கே பார்க்கவே கூடாது என்று குரல் ஓயவில்லை. பாதையைப் பற்றிப் பேச அவளுக்குத் தடை இல்லை அல்லவா? அந்தத் திருப்பம் வந்தது. நின்றாள். பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள். காற்று அடியிலிருந்து ஏறி அவர்கள் முகத்தில் மோதியது. ஷரீஃபாவின் வாயிலிருந்து “யா அல்லாஹ்!” என்று உரக்க வந்துவிட்டது. எதிர்ச்சுவர் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லிற்று. அவர் குழந்தையைப் போல மறுபடி கத்தினார். பதரும் கத்தினான். மாமாகூட ஒரு முறை குரல் கொடுத்துவிட்டு, தொண்டை சரியில்லை என்றார்.

வழியில் விறகு பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைச் சந்தித்தார்கள். நஸ்ராவின் பக்கத்து வீட்டுக்காரி. செய்தி? ஒன்றுமில்லை. தகவல்? ஒன்றுமில்லை. பழம், கஹ்வா, மூன்று கோப்பை. ஆட்டிக் கொடுத்த பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: “உன் கறுப்பு ஆடு ரெட்டை போட்டிருக்குடி.” நஸ்ரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அது விளிம்புப் பாதை என்பதால் ஷரீஃபா அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டாராம். “செய்தி கேட்ட பிறகு ஆடக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே மாமா!”

மஸ்வாவில் மெல்லிய ரொட்டியும் தேனும் காய்ந்த நெத்திலியும் சாப்பிட்டு, நண்பகல் ளுஹர் தொழுது, திரும்பப் புறப்பட்டார்கள். நஸ்ராவின் பங்கு ஒரு குறையுமில்லாமல் முடிந்திருந்தது. ஷரீஃபா மாமாவின் காதருகே, “இவங்கதானே?” என்று கேட்டதைப் பதரே காதால் கேட்டான். மாமா, “திரும்பற வழி பாக்கி இருக்கு,” என்றார். இனி நஸ்ரா ஊர் எல்லைவரை வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தால் போதும்.

பாதி வழியில் வெண்படிகள் என்ற இடம் இருக்கிறது. மேலே உள்ள சமவெளியின் மழைநீர் வரும் தடம் அது. பல தலைமுறைத் தண்ணீர் தேய்த்துத் தேய்த்துப் பாறை வெள்ளையாக, வழவழவென்று, படிபடியாக இறங்கிப் பள்ளத்தாக்கின் வாயில் முடியும். ஆண்டில் பெரும்பாலும் உலர்ந்து கிடக்கும். குளிர்ந்த பாறை, முன்னால் தடையற்ற காட்சி. விருந்தினரை உட்கார வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று பதர் எண்ணினான். தலைக்கு மேலே வானம் துளி மேகமில்லாத நீலம். பாறைச் சுவரின் அடியில் நிற்பவருக்குச் சமவெளியின் மேற்குப் பக்கத்து வானம் தெரியாது. பாயை விரித்தான். ஃபிளாஸ்கைத் திறந்தான்.

அப்போது மேலேயிருந்து கற்கள் உருண்டன. ஆட்டுத் தடம் வழியாக ஹம்தூன் இறங்கி வந்தார். எங்கள் பக்கத்து முதிய இடையர் அவர். முறை தவறி ஒரு சொல் பேசியதில்லை என்று ஊரே சொல்லும். இறங்கி வந்தவருக்கு நெஞ்சு துருத்தி போல ஏறி இறங்கியது. பெரியவரையும் விருந்தினரையும் கண்டதும் அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லி, பாயில் அமர்ந்தார்.

“செய்தி என்ன மாமா?” என்றான் பதர்.

“ஒண்ணுமில்ல... தம்பி. எல்லாம்... நலம்.”

“தகவல்?”

“ஒண்ணுமில்ல. அல்ஹம்துலில்லாஹ்.”

பழம் நீட்டினான். ஹம்தூன் ஒன்றை எடுத்து மென்றார். முதல் கோப்பை. குளிர்காலம் எப்படி என்று துவைனி மாமா கேட்டார். நல்ல குளிர் என்றார் ஹம்தூன். கண் மட்டும் ஒரு முறை மேலே போய் வந்தது.

பாயின் ஓரத்தில் இருந்த நஸ்ரா, பழக்கம் விடாமல், வந்தவரின் காலைப் பார்த்தாள். அங்கியின் கீழ் நுனி முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. செருப்பின் விரலிடுக்கில் ஈர மண். பிறகு அவர் வந்த தடத்தைப் பார்த்தாள். ஓர் ஆடுகூட இல்லை. தன் மகனின் திருமணத்துக்கே ஆடுகளோடு வந்தவர் ஹம்தூன்.

இரண்டாவது கோப்பை ஊற்றப்பட்டது.

“அந்த நேரத்துல எனக்குத் தண்ணி தெரியல. பாதைதான் தெரிஞ்சுது,” என்று நஸ்ரா என்னிடம் சொன்னாள். “அந்தத் திருப்பம். இனி ஒருத்தரையும் அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியாதே, அது மட்டும்தான் தெரிஞ்சுது. இன்னொரு கப்புதானேன்னு நினைச்சேன். ஒரே ஒரு கப்பு.”

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை மெல்ல, எச்சரிக்கையாக, இல்லை என்று அசைந்தது. நஸ்ரா எழுந்து நின்றாள்.

“ஹம்தூன் மாமா, உங்க ஆடு எங்க? கால் ஏன் நனைஞ்சிருக்கு?”

“நஸ்ரா!” என்றார் மாமா.

ஹம்தூன் திகைத்து, நிரம்பிய கோப்பையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். “அம்மா, குடிச்சு முடிச்சுக்கறேன். அப்புறம் சொல்றேன்.”

“மேல தண்ணி வருதா? ஆமாவா, இல்லையா? தலையையாவது ஆட்டுங்க!”

“அதைச் சொல்லத்தாம்மா ஓடி வந்தேன். மேக்கால பெரிய மழை. மேல பாறைத் தொட்டி நிரம்பிக்கிட்டிருக்கு. ஆனா நேரம் இருக்கு, நான் கணக்குப் பண்ணித்தான்...”

நஸ்ரா அவரை முடிக்க விடவில்லை. ஷரீஃபாவின் பையைப் பிடுங்கித் தோளில் போட்டாள். “எந்திரிங்க! பதர், அந்தம்மா கையைப் பிடி! ஊர்ப்பக்கத்துத் திட்டுக்குப் போ, ஓடாத, வழுக்கும், ஆனா நிக்காத! ஹம்தூன் மாமா, நீங்களும்! கப்பைப் போடுங்க கீழ!”

பதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதை அவன் பெருமைக்காகவே குறிப்பிடுகிறேன். ஷரீஃபாவின் கையைப் பற்றிக்கொண்டு வெள்ளைப் பாறையைக் குறுக்காகக் கடந்தான். ஹம்தூன் கோப்பையைக் கீழே போடவில்லை. குடித்துவிட்டு, பழக்கத்தில் ஆட்டிவிட்டு, கையில் பிடித்தபடியே ஓடினார். திட்டில் ஏறிய நஸ்ரா திரும்பிப் பார்த்தாள். துவைனி மாமா இன்னும் பாயருகே குனிந்து, விருந்தினருக்கு வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா!”

“வர்றேன், இரு. கோப்பையை விட்டுட்டு...”

மேலே ஓர் ஓசை கேட்டது. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல என்கிறாள் நஸ்ரா. விமானம் என்கிறார் ஷரீஃபா. ஹம்தூன் தமக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். நஸ்ரா மீண்டும் பாறையில் இறங்கினாள். ஐந்தாறு தாவலில் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊரில் யாரும் தொட்டு இழுத்திராத அந்தக் கையைக் கதவை இழுப்பது போல இழுத்தாள். கோப்பைகள் உருண்டன. மாமாவின் தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் பறந்தது. முதலில் சிறு கற்கள் பட்பட்டென்று படிகளில் குதித்து வந்தன. பிறகு ஓர் ஈரக் காற்று. இருவரும் திட்டின் விளிம்பில் மார்பு மோத விழ, பதரும் ஹம்தூனும் கைகொடுத்து இழுத்தார்கள். மாமாவின் கால் பாறையை விட்டதும் வெண்படிகள் மறைந்தன.

பழுப்பு நிறத்தில், நுரைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் வந்தது தண்ணீர். பாய் போயிற்று. ஃபிளாஸ்க் ஒரு முறை மின்னிப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. விளிம்பைத் தாண்டியதும் நீர் விரிந்து, திரையாகி, காற்றில் ஆடி, அடியில் விழும் முன்பே வெயிலில் வானவில்லாகி நின்றது. பிறகு ஷரீஃபா கத்தினார். எல்லோரும் கத்தினார்கள். ஹம்தூன் கோப்பையை உயரத் தூக்கிக்கொண்டு கத்தினார். நஸ்ரா நனைந்த முக்காட்டோடு மலையே அதிரக் குரவையிட்டாள். சிறிது நேரத்தில் மேலே சமவெளி விளிம்பில் ஊரே வந்து நின்றது. தண்ணீர் வந்தால் எங்களில் எவருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளாது. முஹன்னா மேலிருந்து வாயில் கையைக் குவித்துக் கூவினார்: “நஸ்ரா! நான் லாரியில கொண்டு வர்றதை நீ மலையிலேருந்தே இறக்கிட்டியா?”

துவைனி மாமா மட்டும் வெறுந்தலையோடு ஒரு கல்லில் அமர்ந்து, தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் ஷரீஃபா நேரே கேட்டார்: “முடிவு என்னங்க?”

“நாளைக்குச் சொல்றேன்,” என்றார் மாமா. “அவ ஒரு சத்தியம் பண்ணிருந்தா.”

பதர் முன்வந்து, “அப்பா, நான் விலகிக்கறேன்,” என்றான். மாமா அவனை ஒரு பார்வை பார்த்தார். “சத்தியத்தை நீ விலக்க முடியாது.”

நஸ்ராவுக்கும் அது தெரியும். அன்று மாலை இரட்டைக் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். முஹன்னா அருகில் வந்து, “வருத்தமா?” என்று கேட்டார். “மறுபடியும் அதே மாதிரி வந்தா மறுபடியும் கேப்பேன்,” என்றாள். “ஆனா வருத்தமாத்தான் இருக்கு.”

மறுநாள் காலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். இதற்கு நானே சாட்சி. ஹம்தூன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் கணக்குப் பண்ணித்தான் இறங்கினேன். தொட்டி நிரம்பறதுக்கு மூணு கப்பு நேரம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு அவசரப்பட்டுடுச்சு.”

மாமா மெல்லத் திரும்பினார்.

“ஹம்தூன். தொழுதுட்டு உட்காந்திருக்கோம்.”

“ஆமா.”

“மூணு கப்பு நேரம் இருந்துச்சா?”

ஹம்தூன் தாடியைத் தடவினார். பாயைப் பார்த்தார். மேற்கூரையைப் பார்த்தார்.

“ரெண்டு கப்பு,” என்றார் கடைசியாக. “மூணாவது கைக்கு வந்திருக்கும். வாய்க்கு வந்திருக்காது.”

மாமா எழுந்தார். எழுபது வயதைத் தாண்டியவர் அப்படி எழுந்து நான் கண்டதில்லை. வாசலில் ஒரு காலில் தன் செருப்பையும் மறுகாலில் என் செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். செருப்புக்காக நானும் பின்னால் போனேன்.

நஸ்ரா முற்றத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாமா கதவைத் தட்டவில்லை. ஸலாம் சொல்லவில்லை. வாசற்படியில் நின்று, மூச்சிரைக்க, தெருவே கேட்கும்படி சொன்னார்:

“பாதை உனக்குத்தான்! இன்னிக்கே அந்தம்மாகிட்ட சொல்லி அனுப்பறேன்! நீதான்!”

நஸ்ரா மாவிலிருந்து கையை எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மாமா,” என்றாள், “வெளிய போங்க. ஸலாம் சொல்லிட்டு உள்ள வாங்க.”

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, நான் கண்ணால் கண்டேன், ஊர்ப் பெரியவர் துவைனி திரும்பித் தெருவுக்குப் போனார். கதவை இழுத்துச் சாத்தினார். தட்டினார். ஸலாம் சொல்லி, ஜோடி சேராத செருப்புகளைக் கழற்றிவிட்டு, வந்து பாயில் அமர்ந்தார். முஹன்னா சிரிப்பை அடக்க முடியாமல் கஹ்வா எடுக்க உள்ளே ஓடினார்.

“செய்தி என்ன?” என்று, செய்தி கொண்டுவந்த மாமாவே கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா,” என்றாள் நஸ்ரா. “எல்லாம் நலம்.”